மார்லிஸின் கோப்பை

விஸ்கான்சினில், உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டுபவர்கள் ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பார்கள். ஓர்வில் குளிர் தாங்காமல் ஏற்றிவிட்டார். மனைவி மார்லிஸ் சண்டை போட்டுவிட்டு, பாதியிலேயே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது சமையலறையில் அவளைச் சமாதானப்படுத்தும் வேலையில் இருந்தார் ஓர்வில். கோப்பையில் முட்டை நுரை, பிராந்தி, சூடான பால். மேலே அவளுக்குப் பிடித்த ஜாதிக்காய்த் தூள்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டு டுவேனோடு மார்லிஸ் உள்ளே வந்தாள்.

"வா மகாராணி. இதைக் குடி, கோவம் தன்னால எறங்கும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, தப்பு என் மேலதான். ஏதாவது பேசேன். டுவேன், நீயாவது சொல்லுப்பா."

டுவேன் தொப்பியைக் கழற்றினான்.

"கொஞ்சம் உக்காருங்க மார்லிஸ். ஐஸ் உடைஞ்சு வண்டி உள்ள போயிடுச்சு. இப்பதான் தூக்கினாங்க. ஓர்வில் உள்ளேயேதான் இருந்தார். கண்ணாடி ஏத்தியிருந்ததால வெளிய வர முடியல."

ஓர்வில் குனிந்து பார்த்தார். அவர் நின்ற இடமெல்லாம் தண்ணீர்.

மார்லிஸ் மேசையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதை யாரு கலந்து வெச்சது?"

கோப்பையிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.