1530-க்கும் 1580-க்கும் நடுவே

பச்சிளங்குழந்தை வார்டின் எடை மெஷின் ஒரு குழந்தைக்கு மூன்று நாளாக 1530 கிராமிலேயே நின்றது. தன் பாலில்தான் குறை என்று நம்பி, நாளை முதல் புட்டிப்பாலுக்குச் சம்மதித்துவிட்டாள் குழந்தையின் தாய் பரிமளம்.

“ரெண்டு கிலோ கல்லு வச்சா சரியாத்தானே காட்டுது. மெஷின் ஓகேன்னு எழுதிக் குடுங்க” என்றாள் நர்ஸ்.

டெக்னீஷியன் ஜெசிந்தா எழுதவில்லை. தட்டில் 1400 கிராம் எடைக்கற்களோடு ஒரு கிண்ணத்தை வைத்து, சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். 1530 வந்தது. அதன்பின் ஐம்பது மில்லி விட்டும் எண் அசையவில்லை. அடுத்த சொட்டில் 1580-க்குத் தாவியது.

“எடைய எண்ணா மாத்துற சிப்பு நடுவுல உள்ளத முழுங்குதுக்கா. புள்ள வளந்துக்கிட்டுதான் இருக்கான்” என்றாள் பரிமளத்திடம்.

பரிமளம் குழந்தையை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

ஜெசிந்தா எடைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். 1530-ல் நின்று, புட்டிப்பாலோடு வீடு போன ஐந்து குழந்தைகளின் பெயர்கள் அதில் இருந்தன. முதல் பெயருக்கு நேரே இருந்த போன் நம்பரைத் தன் செல்போனில் அழுத்தினாள்.