பாதி விலைக் குதிரை

பேத்தியை முதல் ஆளாகத் தூக்கும் பாக்கியத்துக்கு ரயில்வே வைத்திருந்த விலை, டிக்கெட்டில் பாதி.

"பாதியா? அழுகின தக்காளியைக்கூட இதைவிட மரியாதையா விலை கேப்பாங்கம்மா!" பாத்திரக்கடைக்காரர் இழப்பீட்டுக் கவுண்டரின் பலகையைத் தட்டினார். வருஷக்கணக்காகக் கல்லாவைத் தட்டிப் பழகிய கை.

கவுண்டர் பெண் அசரவில்லை. "உங்க வண்டி லேட்டு. அதனால இங்கே மாற வேண்டிய வண்டி போயிடுச்சு. ரெண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதுக்குச் சட்டப்படி பாதிதான் சார்."

"போனது வண்டி மட்டுமா? மக பிரசவத்துக்குப் போயிட்டிருக்கோம். குழந்தையை நான்தான் முதல்ல தூக்குவேன்னு சம்பந்திகிட்ட சவால் விட்டிருந்தேன். அடுத்த வண்டி சாயங்காலம். அதுக்குள்ள இதைப் பாருங்க!"

செல்போனை ஜன்னலுக்குள் நீட்டினார். துணிச் சுருளுக்குள் பேத்தி. அவளைத் தூக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய சம்பந்தி.

"இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லியே என் மானத்தை வாங்குவார்."

பேச்சை மாற்ற நினைத்த பெண், பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் மடியைப் பார்த்தாள். "மரக்குதிரை அழகா இருக்கே. பேத்திக்கா?"

கடைக்காரர் முகம் சட்டென்று மலர்ந்தது. "வழியில ஒரு ஸ்டேஷன்ல வாங்கினேன். விக்கிறவன் லேசுல இறங்கல. நானும் வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம நின்னேன். கடைசியில பாதி விலைக்கு முடிச்சுட்டுத் திரும்பினா, வண்டி எனக்காகவே காத்துட்டு நிக்குது! என் ராசி அப்படி."

மனைவி வலது தோளை நீவிவிட்டுக்கொண்டார்.

"ராசியெல்லாம் இருக்கட்டும். வண்டி ஏன் லேட்டு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் கடைக்காரர்.

பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "யாரோ அபாயச் சங்கிலியை இழுத்திருக்காங்க. எந்தப் பெட்டின்னு தேடி, சரிபண்ணி எடுக்க நேரமாயிடுச்சு."

"எந்தப் புண்ணியவான்?"

"ஆள் கிடைக்கலை. கிடைச்சா டிக்கெட் விலையில மூணு மடங்கு அபராதம்."

"மூணு என்னம்மா மூணு? அஞ்சாப் போடுங்க!" அடுத்தவன் பணம் என்றதும் பேரம் மேல்நோக்கிப் போனது.

"சட்டத்துல மூணுதான் சார்."

"சரி, மூணு. அதுல ஒரு பைசா குறைக்கக் கூடாது. வயசானவங்க, தெரியாம செஞ்சுட்டாங்கன்னு யார் வந்து அழுதாலும் இரக்கமே படக் கூடாது. வாக்குக் குடுங்க."

"குறைக்க மாட்டேன் சார், போதுமா?" பெண் சிரித்துவிட்டாள். "உங்க பாதியை இப்பவே வாங்கிக்கிறீங்களா?"

"குடுங்க. கிடைக்கிறதை ஏன் விடணும்?" அவர் கையை நீட்டினார்.

நீட்டிய கையில், எழுந்து வந்த மனைவி குதிரையைக் கொடுத்தார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்தபடி கவுண்டர் பக்கம் குனிந்தார்.

"இவர் பேரத்தை முடிக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சும்மா, நான்தான் இழுத்தேன், மூணுல நீ தர்ற அரை போக, எங்க பாக்கி ரெண்டரை டிக்கெட்."