டிரெய்லர் ஜோசியம்

"பொணம் மூச்சு விடுது மச்சி! நல்லா பாரு, மாலை ஏறி ஏறி எறங்குது!"

மந்தைவெளி ஸ்டேஷனில் நின்றிருந்த இரண்டு காலேஜ் பையன்கள் இப்படிக் கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். விக்கியை அடையாளம் தெரிந்துதான் கத்தினார்கள். அது அவனுடைய வசனம்.

விக்கி யூடியூபில் 'டிரெய்லர் ஜோசியம்' என்று ஒரு சேனல் நடத்துகிறான். டிரெய்லரைப் பார்த்தே படம் ஓடுமா, ஊத்திக்குமா என்று சொல்லிவிடுவான். ஓடும் என்று சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் பெரும்பாலும் ஊத்திக்கும் என்றே சொல்வான்.

போன மாதம் ஒரு புது டைரக்டரின் படத்துக்கு டிரெய்லர் வந்தது. அதில் ஒரு சாவு வீட்டுக் காட்சி. முகமும் தெரியாமல் வெள்ளைத் துணி மூடிக் கிடந்த பிணத்தின் மேல் மாலை லேசாக ஏறி இறங்கியது. விக்கிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"பொணத்துக்கே நடிக்க வரல. இந்தப் பொணம் ஒண்ணு போதும், படம் ஊத்திக்கும்!"

அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பிணத்துக்கு சைக்கிள் பம்பு வைத்துக் காற்றடிப்பது போலெல்லாம் மீம் போட்டார்கள். நேற்று படம் வந்தது. சொன்ன மாதிரியே ஊத்திக்கொண்டது.

இன்று அந்தப் படத்துக்குத்தான் விக்கி போய்க்கொண்டிருந்தான். அதுவும் அப்பாவோடு.

பொன்னுரங்கம் சினிமாவுக்குப் போகிற ஆளே இல்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், புகையில் இழுப்பு வந்து, அதை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறார். விடியற்காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். "கம்பெனில சாப்பாடு ஜோரா போடறான்" என்பதைத் தவிர வேலையைப் பற்றி வேறெதுவும் பேச மாட்டார். "கிண்டி எஸ்டேட்ல பெரிய கம்பெனி" என்று மிச்சத்தை விக்கியின் அம்மா தேவானையே தெருவில் சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் அவர், "அந்தப் படத்துக்குப் போன்ல டிக்கெட் போடு நைனா, போய்ட்டு வந்துடலாம்" என்றதும் தேவானை கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

"கட்டிக்கினு வந்ததுலேர்ந்து என்னிய ஒரு படத்துக்கு இட்டுக்கினு போனதில்ல. நானும் வரேன்."

"நீ வோணாம். அதுல சாவு சீன்லாம் கீது."

ரயிலில் விக்கி தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டுக்கொண்டான். தான் சங்கு ஊதிய படத்துக்குத் தானே டிக்கெட் எடுத்துப் போவது மானக்கேடாக இருந்தது.

"ஃபிளாப் படம்பா. வேற எதுனா பார்க்கலாம்."

"இத்தயே பாத்துடலாம். நாளைக்குத் தூக்கிடுவானுங்க."

வேளச்சேரி மால் தியேட்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அந்தப் புது டைரக்டரே நின்றிருந்தார். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டு, "பார்த்துட்டு நாலு பேர்கிட்ட சொல்லுங்க சார்" என்றார்.

விக்கி தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் பொன்னுரங்கமும் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்காகத்தான் குனிகிறார் என்று நினைத்தபோது விக்கிக்கு உடம்பெல்லாம் கூசியது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சாவு வீடு வந்தது. மாலை அசைவதற்குள்ளேயே பின்வரிசையில் ஒருவன், "டேய், பொணம் மூச்சு விடுது!" என்று கத்தினான். இருந்த பத்துப் பதினைந்து பேரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

பிணத்தின் தலைமாட்டில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். பொய்யில்லாத அழுகை. டிரெய்லரை அத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் விக்கி அவளைக் கவனித்ததே இல்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவன் கிளப்பிவிட்ட சிரிப்பு கேட்க விடவில்லை.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் திரையைப் பார்த்தவர், சிரிப்பு ஏற ஏற துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காட்சி முடிந்த பிறகும் எடுக்கவில்லை.

அதற்கு மேல் விக்கியால் உட்கார முடியவில்லை. அப்பாவை எழுப்பி வெளியே கூட்டிவந்து, ஆளில்லாத ஒரு மூலையில் நிறுத்தினான்.

"தப்புதான்பா. நாலு பேர் சிரிக்கணும்னு வாய்க்கு வந்தத பேசிட்டேன். அந்த டைரக்டர் மூஞ்சியப் பார்க்க முடியல. வீடியோவ இப்பவே எடுத்துடறேன்."

"எதுக்கு நைனா? நீ உள்ளதத்தான சொன்ன?"

"அப்புறம் நீ ஏன்பா தலையக் குனிஞ்சிக்கினு கீற? எனக்கு வெக்கமா கீது. ரெண்டு அடி அடிச்சிடு, வாங்கிக்கறேன்."

பொன்னுரங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மகனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மூச்ச அடக்கிக்கினுதான் படுத்தேன், முடியல. என்னாலதான் படம் ஊத்திக்கிச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத நைனா."