முதல் கியரிலேயே

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் முன்னால் போன டவுன் பஸ் நின்றது. அவளும் நின்றாள்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவள் கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினாள். கிளட்ச்சை விட்டாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் அணைந்தது.

பின்னால் ஹாரன் சத்தம். ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். பெரிய மனசு பண்ணி ஒதுங்கிப் போனார்.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. காலுக்குத்தான் பயம். லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறினால் போதும், "கத்துது, கத்துது" என்று தன் தொடையில் தட்டுவார். காரைவிட அவர்தான் அதிகம் கத்துவார். ஒருநாள் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதோடு சரி.

இப்போதும் அவர் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறார். பெல்ட்டை அவள்தான் மாட்டிவிட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் இல்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஒரு பெண் படங்களைக் காட்டுவாள். பூனை. குடை. தண்ணீர். அவர் படத்தைப் பார்ப்பார். பிறகு இவளைப் பார்ப்பார். கண் நிறைந்துவிடும்.

கூப்பிட்டால் வந்து ஓட்டிக்கொடுக்கிற ஆக்டிங் டிரைவர் இன்றைக்கு வரவில்லை. பயிற்சியைத் தவறவிட அவளுக்கு மனசில்லை. துணிந்து காரை எடுத்துவிட்டாள்.

கார் பின்னால் உருண்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஸ்டார்ட் செய்து ஓங்கி மிதித்தாள். இன்ஜின் அலறியது. அலறட்டும். கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

கார் ஏறியது.

உச்சியைத் தாண்டி, பாலம் இறங்கி, சமதளத்துக்கு வந்த பிறகும் முதல் கியரிலேயே போய்க்கொண்டிருந்தாள். ஏறி வந்துவிட்ட சந்தோஷத்தில் கியர் மாற்ற மறந்தே போயிற்று.

ஞாபகம் வந்து கியரில் கை வைத்தாள்.

பக்கத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவருடைய இடது கை. தொடையில்.

"க... கத்துது."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் ரோடு தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

கியரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.