சட்டைப்பையில் நாலு பிளக்

ஆறு வருடம் ஓடாமல் கிடந்ததில் கார் இன்ஜின் இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் எவனையும் நம்பாத, லேத் பட்டறை வைத்திருந்த கடைசல்காரர், தானே இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டு, நான்கு நாளாக ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினார். இம்மியும் அசையவில்லை. பிளக்குகளை யாரும் லவட்டிவிடக் கூடாதென்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

"அதை எவன் திருடப் போறான்? கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குங்க," என்றாள் படுக்கையில் கிடந்த மனைவி.

ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது, பேச்சும் நின்றுபோனது. ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். அவர் ஷெட்டுக்கு ஓடி, ஸ்பேனரில் முழு உடம்பையும் சாய்த்தார்.

"சனியனே, இன்னிக்கு ஒரு நாள் ஓடித் தொலை. அப்புறம் உன்னை ஒண்ணுமே கேக்க மாட்டேன்," என்று அழுதார். ஸ்பேனர் வழுக்கிக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

அவளிடம் திரும்பியபோது, ஷெட்டில் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிளக் இருக்க வேண்டிய நான்கு ஓட்டைகளும் திறந்தே கிடந்தன. சட்டைப்பையைத் தடவினார். நான்கும் இருந்தன.

எதையும் ஒன்றுக்கு மூன்று முறை கேட்கிற மனிதர், எதுவும் கேட்கவில்லை. பானெட்டை மெல்ல மூடிவிட்டு, மனைவியைத் தூக்கி வந்து முன்சீட்டில் சாய்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பள்ளம் வந்தபோதெல்லாம் பிளக்குகள் உரசிக் கிலுகிலுத்தன. இன்ஜினுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டே ஓட்டினார்.