தரைக்குத் தெரியாதது

ஐந்து வயது ஆர்லினுக்குத் தசைகள் அழன்று வலுவிழக்கும் அபூர்வ நோய். அவள் உட்கார்ந்து எழும் வேகத்தை உணரிகள் பதித்த வீட்டுத் தரையே அளந்து, மருந்தின் அளவை முடிவுசெய்யும். வேகம் கூடினால் மருந்து குறையும்.

ஒரு மாதமாக மருந்து குறைந்துகொண்டே வந்தது. பிள்ளையால் இப்போது சீப்பைக்கூடத் தலைவரை தூக்க முடியவில்லை. அம்மா ஜெசிந்தா பதறிப்போய் டாக்டரை அழைத்தாள்.

"அவ எந்திரிக்கும்போது நீங்க தூக்கி விடுறீங்களாம்மா?"

பிள்ளை கையூன்றித் தவிப்பதை ஜெசிந்தாவால் ஒருநாளும் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததில்லை. தூக்கியது யார் கை என்று தரைக்கு என்ன தெரியும்?

அன்று மாலை ஆர்லின் எழ முயன்று சரிந்தாள். ஜெசிந்தா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தூக்கும்மா."

ஜெசிந்தா கைகளை அவிழ்க்கவில்லை.

ஆர்லின் அண்ணாந்து பார்த்தாள். "உனக்கும் கை தூக்க முடியலையாம்மா?"