கோட்டில் இருந்த கேடயம்

சிங்கப்பூர் மார்சிலிங் புளோக்கின் ஏழாவது மாடி நடைபாதையில் ஃபாரூக் நிற்கிறான். சம்சுன்னிசா இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கேரம் கிளப்பின் தலைவர் பதவியிலிருந்து அவள் கணவரை நேற்றுத்தான் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். இன்று புதிய தலைவன் ஃபாரூக், அவர் கோட்டில் தைத்திருக்கும் கிளப் சின்னத்தைக் கேட்டு வந்துவிட்டான். "கோவிச்சுக்காதீங்க ராத்தா. பேட்ஜ் கிளப்போடது லா. கோட்ட நீங்களே வச்சுக்குங்க." அவள் கதவுக்கு உட்புறம் முக்காலியில் உட்கார்ந்து, நீலக் கோட்டின் மார்புப் பையை மடியில் விரித்து, பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுக்கிறாள். அவசரமே இல்லை. கேடய வடிவச் சின்னத்துக்குள் சரிகை நூலில் நிமிர்ந்த சிங்கம் முன்னங்காலில் கேரம் ஸ்ட்ரைக்கரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதை வரைந்தவள் அவள்தான். அது அவனுக்கும் தெரியும். சொல்லிக்காட்ட அவளுக்கு மனமில்லை. மாலை வெயில் பிளேடில் பட்டு அவன் சட்டையில் துள்ளுகிறது. உள்ளே கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார். "இன்னும் எவ்ளோ நேரம்?" என்கிறான். "கிழிச்சுத் தரச் சொன்னா இப்பவே தரேன்," என்கிறாள். கடைசி நூலும் அறுந்ததும் அவள் சின்னத்தைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்து, கதவுக்கு அடியில் விரல் நுனியால் வெளியே தள்ளுகிறாள். அவன் குனிந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. நிமிரும்போது அவன் முகத்துக்கு நேரே, கதவுக் கம்பியில் அவள் மாட்டிவிட்ட கோட்டு தொங்குகிறது. பல வருட வெயிலில் வெளுத்த துணியில், சின்னம் மறைத்திருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய கருநீலத்தில் கேடயமாகவே இருக்கிறது. "இதையும் எடுத்துட்டுப் போ," என்கிறாள்.